அக்காவின் முதுகில் பதிமூன்றாம் முடிச்சு

ஏழு வயதிலேயே நான் டாக்டர். தேவிகுளத்துக்கு மேலே இருந்த எங்கள் எஸ்டேட்டில் நான் கால் வைத்துச் சரியாகாத முதுகே கிடையாது. ஊசி இல்லை, மாத்திரை இல்லை, கால் மட்டும்தான். பெரிய துரையே ஒருநாள் என்னைப் பங்களாவுக்குக் கூப்பிட்டு, குப்புறப் படுத்துக்கொண்டு, "ஏறு" என்றார்.

சரி, பொய். ஏழு இல்லை, எட்டு வயது. துரை என்னைப் பார்த்தது ஒரே ஒரு தடவை. அப்போது நான் அவருடைய நாய்க்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தேன். முதுகு மிதித்தது மட்டும் நிஜம். ஆனால் மிதிக்கிற தகுதி எனக்கு இருந்தது என்பது இருக்கிறதிலேயே பெரிய பொய். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

என் வயதுக்காரர்களே, உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு கையைத் தேடுகிறவர்களே, இடுப்பில் பெல்ட்டும் கக்கத்தில் ஸ்கேன் கவருமாக அலைகிறவர்களே! முதுகு என்று ஒன்று இருப்பதே அது கெட்ட பிறகுதானே நமக்குத் தெரிகிறது. எனக்கு ஒன்பது வயதிலேயே தெரிந்துவிட்டது. என் முதுகு இல்லை, என் அக்காவின் முதுகு. அந்த ஆடி மாதம் ஒரு காலையில், அவள் இனி எழுந்து நடப்பாளா, கிடந்த கிடையாகவே போய்விடுவாளா என்பது கொஞ்ச நேரம் என் காலடியில் இருந்தது. ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்தக் காலை நான் வைத்தேனா, எடுத்தேனா என்று எனக்கு இன்னும் தீரவில்லை.

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தது மூன்று மழைக்காலம்கூட இருக்காது. பிறகு ஜீப் ஓட்டப் போய், பஸ் போர்டைப் படித்துப் படித்தே எழுத்து வந்தது. அதனால் வளைவு ஜாஸ்தி.

கால் முதலில் வெளியே வந்து பிறந்த பிள்ளை மிதித்தால் முதுகுப் பிடிப்பு விட்டுவிடும் என்பது எங்கள் சனத்தின் நம்பிக்கை. திருநெல்வேலிப் பக்கமிருந்து மலையேறி வந்தபோது உப்பு புளியோடு இதையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். தலையால் பிறந்த நாம் எல்லாம் சாதாரண ஆட்கள். காலால் பிறந்தவனுக்குத்தான் பாதத்தில் மருந்து.

நாங்கள் அதற்கு முன்பு வேறொரு எஸ்டேட்டில் இருந்தோம். அங்கே இப்படிக் கால் முந்திப் பிறந்த பையன் ஒருத்தன் இருந்தான். மூக்கு ஒழுகும், பேச்சு திக்கும், ஆனால் சாயங்காலமானால் அவனுக்கு ராஜ மரியாதை. வீட்டுக்கு வீடு கூப்பிட்டு மிதிக்கச் சொல்லி, மொறுமொறு வர்க்கி ரொட்டியும் சக்கரைத் தேயிலைத் தண்ணியும் கொடுப்பார்கள். அவன் வர்க்கியைத் தண்ணியில் முக்கித் தின்பதை நான் சுவரோரம் நின்று பார்ப்பேன். அந்த வர்க்கி நனைந்து, நுனி தொங்கி, விழப்போகிற நேரத்தில் அவன் வாயைக் கொண்டுபோய் வாங்குவான். எனக்கு வயிறெரியும்.

அப்பா ஒருநாள் வேலை தேடிக் கொச்சிக்குப் போனார். போனவர் திரும்பி வர மறந்துவிட்டார். அம்மா எங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு இந்தப் புது எஸ்டேட்டுக்கு வந்தாள். பத்து வீட்டுக்கு ஒரே கூரை போட்ட லயன். அதில் கடைசி வீடு எங்களுக்கு. வந்த வாரமே பக்கத்து வீட்டு அத்தை இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று, "இந்த லயன்ல காலாப் பொறந்த பிள்ள ஒண்ணுகூடவா இல்ல?" என்று ஊருக்கே கேட்கக் கத்தினாள்.

"நான் இருக்கேன் அத்த" என்றேன்.

வாய்தான். மூளையைக் கேட்டுக்கொண்டு பேசுகிற வழக்கம் அதற்கு அன்றும் கிடையாது, இன்றும் கிடையாது.

அத்தை அந்த இடத்திலேயே கோணியை விரித்துக் குப்புறப் படுத்தாள். நான் ஏறினேன். சோற்றுப் பானை மேல் நிற்கிற மாதிரி இருந்தது. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு மேலே போனேன், கீழே வந்தேன். எங்கேயோ 'மடக்' என்றது. நான் செத்தேன் என்று நினைத்தேன். அத்தை "ஆ… அப்பாடி!" என்று எழுந்து உட்கார்ந்து, இடுப்பை இப்படியும் அப்படியும் திருப்பி, உள்ளே போய் இரண்டு வர்க்கி கொண்டுவந்தாள்.

கொழுந்து பறித்துவிட்டு வந்த அம்மாவுக்குச் செய்தி போயிற்று. கதவைச் சாத்திவிட்டு என் தொடையில் கிள்ளினாள். கிள்ளிய இடம் மூன்று நாள் நீலமாக இருந்தது. "எப்பலே நீ காலாப் பொறந்த? பெத்தவ எனக்கே தெரியாம?" என்றாள். மறுநாள் எல்லோரிடமும் உண்மையைச் சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் மறுநாள் விடிவதற்குள் எங்கள் வாசலில் ஒரு கட்டு காய்ந்த விறகு இருந்தது. அத்தை வைத்துவிட்டுப் போயிருந்தாள். மழை மாதத்தில் புது லயனில், ஆம்பளை இல்லாத வீட்டில், காய்ந்த விறகு என்றால் என்னவென்று என் வயதுக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அம்மா அந்த விறகைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அடுப்பைப் பற்றவைத்தாள்.

அவ்வளவுதான். நான் டாக்டர் ஆகிவிட்டேன்.

ஒரு வருஷம் மிதித்தேன். சாயங்காலம் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு வருகிற பெண்கள் வரிசையாகப் படுப்பார்கள். ஈரக் கம்பளி வாடை, தைல வாடை, விரலில் ஒட்டின தேயிலைக் கறையின் கசப்பு வாடை. அட்டை கடித்த இடத்தில் சுண்ணாம்பு. கொழுந்துப் பையின் பட்டையை நெற்றியில் மாட்டி நாள் முழுக்கச் சுமந்ததில் எல்லோருக்கும் கழுத்து எலும்பு புடைத்திருக்கும். அந்தப் புடைப்புக்குக் கீழேயிருந்துதான் என் வைத்தியம் ஆரம்பிக்கும். ஏறுவதற்கு முன்னால் கால் கட்டைவிரலால் ஒவ்வொரு எலும்பாகத் தொட்டு எண்ணிக்கொண்டே இறங்குவேன். முடிச்சு என்று அதற்கு நான் வைத்த பேர். கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும் பதினேழு முடிச்சு. எந்த முதுகாக இருந்தாலும் பதினேழுதான். குண்டு, ஒல்லி, கருப்பு, சிவப்பு, கங்காணி, கூலி எல்லோருக்கும் பதினேழு. அதனால்தான் இன்றுவரை பதினேழுக்கு மேல் எண்ண எனக்குத் தடுமாற்றம்.

கங்காணியும் வந்து படுப்பார். குனிந்து ஒரு இலை கிள்ளாத முதுகு, அளவுகோல் மாதிரி நேராக இருக்கும். எதற்கு அவருக்கு வலி என்று அக்கா கேட்டாள். "நிமிந்தே நிக்குறதும் வலிக்கும்ல" என்றேன். அக்கா சிரித்ததில் அரிசி முறம் சாய்ந்தது.

இன்னொரு வித்தையும் வைத்திருந்தேன். மிதிக்கும் முன் கொழுந்துக் காம்பு ஒன்றை எடுத்து உள்ளங்காலில் கிச்சுக்கிச்சு மூட்டுவேன். "நரம்ப எழுப்புறேன்" என்பேன். சும்மா விளையாட்டு. பாட்டிலை ஆட்டிவிட்டு மருந்து ஊற்றுகிற கம்பவுண்டரைப் பார்த்துப் பழகியது. எல்லோரும் காலை உதறிச் சிரிப்பார்கள். கங்காணிகூட ஒருதடவை கெக்கெக்கே என்று சிரித்துவிட்டு, உடனே மீசையைத் தடவிக்கொண்டார்.

அக்கா மட்டும் என்னிடம் படுக்கவே மாட்டாள். எனக்கும் அவளுக்கும் எட்டு வயது வித்தியாசம். நான் பிறந்தபோது விளக்குப் பிடித்தவள் அவள். ரகசியமாக என் காதைத் திருகிச் சொல்வாள்: "நான் பாத்தேன்லே. மொதல்ல மண்டதான் வந்துச்சு. தேங்காய்க்கு மயிர் மொளைச்ச மாதிரி. தலையாப் பொறந்த பயலே!" வெளியே யாரிடமும் சொன்னதில்லை. வர்க்கியில் பாதியை வாங்கிக்கொள்வாள்.

லயனிலேயே அதிகக் கூச்சம் அவளுக்குத்தான். பத்தடி தள்ளி நின்று காம்பை ஆட்டிக் காட்டினாலே போதும், உள்ளங்காலை மடக்கிக்கொண்டு கத்துவாள்.

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருஷம் ஆடியில் நான்கு நாள் விடாத மழை. தேவிகுளத்துக்குப் போகிற ரோட்டில் மண் சரிந்துவிட்டதாகச் சொன்னார்கள். ஆனாலும் கொழுந்து முற்றிவிடும் என்று அம்மாவையும் அக்காவையும் எல்லோரையும் மலைக்கு அனுப்பினார்கள். நான் வீட்டில் அடுப்புக்குப் பக்கத்தில் ஈரத் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். காலை பத்து மணி இருக்கும். மேட்டிலிருந்து கூச்சல் கேட்டது.

செங்குத்துச் சரிவில் அக்காவுக்குக் கால் வழுக்கியிருக்கிறது. நனைந்த கொழுந்துப் பை முதுகில் கனக்க, மழைத்தண்ணி ஓடுவதற்கு வெட்டியிருந்த கானுக்குள் விழுந்திருக்கிறாள். கானின் கரைக் கல்லில் முதுகு அடித்திருக்கிறது. நான்கு ஆம்பளைகள் அவளை ஒரு கம்பளியில் போட்டு, நாலு மூலையையும் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தூளி மாதிரி. நடுவில் அவள் மடங்கிக் கிடந்தாள். அவர்கள் ஒவ்வொரு அடி வைக்கும்போதும் கம்பளி இன்னும் மடங்கியது. பத்திரமாகத்தான் கொண்டுவந்தார்கள், பாவம். ஒருத்தர்கூட வழுக்கவில்லை.

அத்தை வீட்டு முன்னால், கூரைக்குக் கீழே இறக்கினார்கள். அக்கா அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "யம்மா, எங் காலு எங்க?" என்று கேட்டாள். அம்மா அவள் காலைப் பிடித்துக்கொண்டு, "இங்கன இருக்குடி, நான் பிடிச்சிருக்கேன்ல" என்றாள்.

"பிடிச்சிருக்கியா?" என்றாள் அக்கா.

அம்மாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததற்குச் சாமிக்கு நன்றி.

கீழே டிஸ்பென்சரிக்கு ஆள் ஓடியிருக்கிறது, கம்பவுண்டர் வரவேண்டும், அதற்கு ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். கங்காணி குடையை மடக்கிவிட்டு அக்காவைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"பெரும் பிடிப்பு. விழுந்த வேகத்துல நரம்பு ஏறிக்கிடுச்சு. சூட்டோட சூடா எறக்கிவிடணும், ஆறுனா கல்லாப் போயிரும். எங்கலே நம்ம டாக்டரு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் என் பின்னால் திரும்பிப் பார்த்தேன், வேறு டாக்டர் யாராவது நிற்கிறாரா என்று.

"புள்ளயத் திருப்பிப் போடுங்க" என்றார் கங்காணி.

இரண்டு பெண்கள் அக்காவைப் புரட்டிக் குப்புறப் போட்டார்கள். அப்போதுதான் அவள் முதல்தடவையாகக் கத்தினாள். அத்தை வாசலில் உட்கார்ந்து அவள் தலையைப் பிடித்துக்கொண்டு, "இப்ப சரியாயிரும் கண்ணு, தம்பி வந்துட்டான்ல, ஒன் தம்பி மிதிச்சா எல்லாம் சரியாயிரும்" என்றாள். தன் இடுப்பையே சாட்சி வைத்துச் சொன்னாள்.

நான் போனேன். என்ன செய்வது என்று தெரியாதவன் எப்போதும் செய்கிறதைத்தானே செய்வான்? ஒரு கொழுந்துக் காம்பை எடுத்தேன். அவள் உள்ளங்காலில் தீட்டினேன்.

கால் அசையவில்லை.

விளையாடுகிறாளோ என்று இன்னொரு காலில் தீட்டினேன். விரலிடுக்கில் விட்டு ஆட்டினேன். பத்தடிக்கு அந்தப் பக்கமே கத்துகிற கால், ஈர விறகு மாதிரி கிடந்தது.

"யக்கா… கூசலயா?"

"என்னத்த?" என்றாள்.

எழுத்து தெரியாது, படிப்பு தெரியாது, ஆனால் அந்த ஒரு வார்த்தையில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. கங்காணியைப் பார்த்து, "இவளுக்குக் கூச்சம் இல்லய்யா" என்றேன்.

"வலியில மரத்திருக்கும். ஏறுலே."

"அக்காவுக்கு எப்பவும் கூசும்ய்யா!"

"ஏறுங்கேன்! எல்லாரும் நிக்காங்கள்ல!"

ஆமாம், எல்லோரும் நின்றார்கள். இருபது பேர் இருக்கும். ஒரு வருஷமாக என் காலை நம்பினவர்கள். கூரைத் தகரத்தில் மழை அடித்துக்கொண்டிருந்தது. நான் வலது காலைத் தூக்கிக் கட்டைவிரலை அக்காவின் கழுத்துக்குக் கீழே வைத்தேன். ஈர ரவிக்கை. எண்ண ஆரம்பித்தேன். ஒன்று. இரண்டு. மூன்று. ஏழில் அவள் மூச்சு ஏறி இறங்குவது விரலுக்குத் தெரிந்தது. பத்து. பதினொன்று. பன்னிரண்டு.

பதிமூன்று இல்லை.

இருக்கவேண்டிய இடத்தில் பள்ளம். இருட்டில் படிக்கட்டு இறங்கும்போது ஒரு படி இல்லாமல் போன மாதிரி இருந்தது. ஒரு வருஷமாக எத்தனையோ முதுகு. பதிமூன்று இல்லாத முதுகு ஒன்றுகூட இல்லை.

"ஐயா, நான் தலையாப் பொறந்தவன்!" என்று கத்தினேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நிஜமாகவே சிரித்தார்கள். குற்றம் என்னுடையது. நான் வாயைத் திறந்தாலே சிரிக்கும்படி அவர்களைப் பழக்கி வைத்திருந்தவன் நான்தான்.

"இந்த நேரத்துலயும் குசும்பப் பாரு பயலுக்கு" என்றார் கங்காணி. என் தோளைப் பிடித்து அக்காவின் முதுகுப் பக்கம் தள்ளினார்.

"சத்தியமாய்யா! அம்மாகிட்டக் கேளுங்க!"

சிரிப்பு நின்றது. எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா இன்னும் அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள். இப்போது நினைத்துப் பார்க்கிறேன், அந்த ஒரு நிமிஷம் அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று. ஒரு வருஷத்து விறகு அந்த நிமிஷத்தில் இருந்தது. அந்த லயனில் அவள் சம்பாதித்திருந்த மரியாதை முழுக்க என் பாதத்தின் மேல் கட்டியது.

"தலையாத்தான் பொறந்தான்" என்றாள் அம்மா. "அவன் சொன்னது பொய். நான் சொல்லாம இருந்ததும் பொய். அவன் கால எடுக்கச் சொல்லுங்க."

அவ்வளவுதான், லயன் பற்றிக்கொண்டது.

"அப்ப ஒரு வருசமா எம் முதுகுல ஏறி எறங்குனது?" என்று அத்தை எழுந்தாள்.

"எம் மவன்தான் மதினி."

"தலையாப் பொறந்தவனா?"

"தலையாப் பொறந்தவன்தான்."

"அடிப்பாவி! எனக்குச் சரியாச்சே?"

"அது எப்படின்னு எனக்கு என்ன தெரியும்?"

கங்காணிக்கு முகம் சிவந்தது. "எங்கிட்டயுமா? என் முதுகுல நின்னு பாட்டுப் பாடுனானே இந்தப் பய!" பிறகு சட்டென்று கையை உயர்த்தினார். "சரி, தலையோ காலோ. ஒரு வருசம் வேல செஞ்ச காலுதான? இன்னைக்கும் செய்யும். ஏறுலே!"

இனிச் சொல்ல என்னிடம் உண்மைகூட மிச்சமில்லை. இருந்த ஒரே உண்மையையும் சொல்லித் தீர்த்துவிட்டேன்.

காப்பாற்றினது அத்தைதான். "கூடவே கூடாது!" என்று கங்காணிக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றாள். "தலையாப் பொறந்தவன் மிதிச்சா நரம்பு நல்லா இருந்தாலும் இழுத்துக்கிடும். எங்க ஊருல ஒருத்திக்குக் கழுத்தே திரும்பிப் போச்சு. தெரிஞ்சே மிதிக்க விட்டா அந்தப் பாவம் யாருக்குய்யா? ஒமக்கா, எனக்கா?"

"அப்ப நெசமாக் காலாப் பொறந்தவன் எவனாவது உண்டா?"

"மேல் லயன்ல ஒருத்தி உண்டு."

"அவ காலாப் பொறந்தா? அவ மாலை சுத்திப் பொறந்தவ."

"அவ அம்மாவ நான் கேட்டேன்."

"நீ கேட்டது அவ தங்கச்சிய!"

யார் எப்படிப் பிறந்தார் என்று இருபது பேர் சண்டை போட்டார்கள். எஸ்டேட்டின் அத்தனை பிரசவமும் அன்று வெளியே வந்தது. அம்மாவை என்னென்னவோ சொன்னார்கள், திருடி, வேஷக்காரி என்று. அம்மா இரண்டு கையாலும் அக்காவின் காலைப் பிடித்தபடி குனிந்திருந்தாள். அந்தச் சண்டை ஓய்கிற வரைக்கும் அக்காவை ஒருத்தரும் தொடவில்லை. அதுதான் வேண்டியிருந்தது. எந்த நம்பிக்கை அவளைக் கொல்லப் பார்த்ததோ அதுவே காவலுக்கும் நின்றது. சிரிப்பதா அழுவதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

சண்டைக்கு நடுவே கம்பவுண்டர் வந்தார். மலையாளத்துக்காரர். முழங்கால் வரை சேறு, கணுக்காலில் அட்டைக் கடி, ரத்தம் ஒழுகுகிறது. அவர் தூரத்திலிருந்தே கத்தினார்: "தொடண்டா! ஆரும் தொடக்கூடாது!"

சட்டைப் பையிலிருந்து குண்டூசி எடுத்து அக்காவின் காலில் குத்திக்கொண்டே மேலே வந்தார். "இவிட தெரியுதா? இவிட?" இல்லை, இல்லை, இல்லை. இடுப்புக்கு மேலே வந்ததும் அக்கா "ஆ" என்றாள். அந்த "ஆ"வுக்கு அம்மா அழுதாள்.

"யாரு இதைக் கமுத்திப் போட்டது? யாரு கம்பளியில தூக்கினது? முதுகெலும்பு ஒடிஞ்சு பொட்டிப்போச்சு. உள்ளே ஒரு கயிறு உண்டு, அது அறுந்தோ நசுங்கியோ தெரியாது. ஒரு இஞ்சு மடங்கினா தீர்ந்தது. பலகை வேணும். ஒராள் நீளம்."

லயனில் ஓராள் நீளத்துக்குப் பலகை என்றால் கதவுதான். கதவு கம்பெனிச் சொத்து. ஒரு ஆணி பிடுங்கினால் எழுதி வைத்துக்கொள்கிற கங்காணி அங்கேதான் நின்றிருந்தார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் மழையில் இறங்கிப் போனார். கடப்பாரை சத்தம் கேட்டது. தன் வீட்டுக் கதவைத் தலையில் கவிழ்த்துச் சுமந்துகொண்டு வந்தார். அந்த நேரான முதுகு அன்றைக்குத்தான் குனிந்து பார்த்தேன்.

ஆறு பேர் அக்காவின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில், மரத்தைப் புரட்டுகிற மாதிரி, மடங்காமல் எடுக்கவேண்டும் என்றார் கம்பவுண்டர். "ஒருத்தன் எண்ணணும். யாருக்கு எண்ண அறியும்?"

"எனக்கு" என்றேன்.

மூன்று வரை எண்ணினேன். அன்று முழுக்க நான் செய்த உருப்படியான காரியம் அது.

கதவோடு அக்காவைக் கட்டி, மண் சரிவைத் தாண்டித் தோளில் சுமந்து, அந்தப் பக்கம் நின்ற லாரியில் ஏற்றினார்கள். மெடிக்கல் காலேஜில் ஐந்து மாதம் கிடந்தாள். மார்பிலிருந்து இடுப்பு வரை மாவுக்கட்டு. வலது கால் முதலில் வந்தது. இடது கால் பாதி வந்தது. கம்பு ஊன்றி, இடது பாதத்தை இழுத்துக்கொண்டு, தை மாதம் லயனுக்குத் திரும்பி நடந்து வந்தாள். நடந்து! பிறகு எஸ்டேட் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கொட்டகையில் ஆயாவாக முப்பது வருஷம் வேலை பார்த்தாள்.

கதவு திரும்பி வரவில்லை. ஆஸ்பத்திரியில் எந்த வராந்தாவில் சாய்த்து வைத்தார்களோ. கங்காணி வீட்டு வாசலில் அந்த மழை முடியும் வரை கம்பளிதான் தொங்கியது, ஆடு தாராளமாகப் போய்வந்தது. என்னைப் பார்க்கும்போதெல்லாம், "டாக்டரு, எங் கதவு எங்கலே?" என்பார். அம்மாவிடம் லயன் இரண்டு மாதம் பேசவில்லை. மூன்றாம் மாதம் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்து கோணியை விரித்தாள். "ஏறுலே, யாரும் பாக்கல" என்றாள். நான் ஏறவில்லை. அதற்குப் பிறகு யார் முதுகிலும் என் கால் படவில்லை.

இனி என் கணக்கு.

நான் காலை எப்போது எடுத்தேன்? பதிமூன்றின் பள்ளம் பெருவிரலுக்குத் தெரிந்தது, அது உறுதி. உடனே எடுத்தேனா? அல்லது கங்காணி தோளைத் தள்ளியபோது பாதம் முழுக்க ஒரு நொடி அங்கே இறங்கியதா? சில நாள் எடுத்துவிட்டேன் என்று ஞாபகம். மழைக்காலத்தில் அழுத்தினேன் என்று ஞாபகம். அவளுடைய இடது கால் கானின் கல்லுக்குப் போனதா, கம்பளிக்குப் போனதா, எனக்குப் போனதா?

சின்ன வயதில் ஒருநாள் அழுதுகொண்டே கேட்டேன். அவள் சிரித்தாள். "நீ மிதிக்கவே இல்லலே. எனக்குத் தெரியாதா? கீழ கெடந்தது நான்தான?" என்றாள். இதைவிட நல்ல சாட்சி உண்டா? பத்துப் பன்னிரண்டு வருஷம் நிம்மதியாகத் தூங்கினேன்.

பிறகு ஒருநாள் ஜீப்பின் கிளட்ச் கேபிள் போயிற்று. ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் பையன் மேல் குழாயை விலக்கி உள்ளே இருந்த கம்பியைக் காட்டினான். "கொழா ஒடுங்கி உள்ள கம்பி நசுங்கிட்டுண்ணே. நீங்க மேல மிதிச்சாலும் கீழ சேதி போவாது. கீழ என்ன நடந்தாலும் மேல தெரியாது."

கீழே என்ன நடந்தாலும் மேலே தெரியாது.

ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன். பன்னிரண்டுக்குக் கீழே செத்துக் கிடந்தவளுக்கு, பதிமூன்றில் என் கால் இருந்ததா இல்லையா என்று எப்படித் தெரிந்திருக்கும்? நான் பிறந்த விஷயத்தில் எனக்காக வாயை மூடியவள், இந்த விஷயத்தில் எனக்காக வாயைத் திறந்திருக்கிறாள். அவ்வளவுதான் வித்தியாசம்.

அதை அவளிடம் நான் கேட்டதில்லை. இப்போது தேவிகுளத்துக்குக் கீழே ஒரு சின்ன வீட்டில் நானும் அவளும்தான். தினமும் காலையில் அவள் காலுக்குத் தைலம் தேய்த்துவிடுகிறேன். அவளுக்குத் தெரியாமல் உள்ளங்காலில் விரலால் ஒரு கோடு போடுவேன். வலது கால் உதைக்கும். இடது கால் சும்மா இருக்கும்.

ஆகவே, என் வயதுக்காரர்களே, இதுவரை யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு எண்ணி முடித்தேன். கங்காணியின் கை என் தோளில் விழுந்தது. அப்போது என் வலது பாதம்…

கம்புச் சத்தம். உள்ளிருந்து வருகிறது.

"ஏலே, தலையாப் பொறந்தவனே! விடிஞ்சதுலருந்து என்னத்தலே எழுதிக்கிட்டுக் கெடக்க?"

"சும்மா, பழைய கதக்கா. அந்த ஆடி மாசம்."

கம்புச் சத்தம் நின்றுவிட்டது.

"எதுல நிக்க?"

"பன்னெண்டுல."

அடுப்பில் தண்ணி கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"அங்கனயே நிறுத்து. அதுக்குக் கீழ எனக்கே தெரியாது, ஒனக்கு எப்படிலே தெரியும்? எந்திரிச்சுத் தைலத்த எடுத்துட்டு வா."